12,000 ரூபாய்க்குள்ள பார்ட்ஸ் வாங்கி எலக்ட்ரிக் கிடார் பண்ண முடியுமா? மரம் இருக்கு, ஓடாவி மாமா இருக்காரு

ஆறுகம்பி (தங்கச்சிமடம்):

எல்லாருக்கும் வணக்கம். இவ்ளோ நாளா சும்மா படிச்சிட்டு போயிருவேன், இப்பதான் மொத தடவை எழுதுறேன், தப்பா கேட்டா கோச்சுக்காதீங்க. கோயில் கொயர்ல 6 வருசமா அகௌஸ்டிக் கிடார் வாசிக்கிறேன், அதுல ஒட்டுற பிக்கப் (கம்பி அதிர்வ கரண்டா மாத்துறது) ஒண்ணு ஒட்டி மிக்சர்ல குத்தி ஓட்டிட்டு இருக்கேன், கொஞ்சம் சவுண்டு ஏத்துனா போதும் ஊளையிட ஆரம்பிச்சிரும், பூசை நடுவுல எல்லாரும் திரும்பி பாப்பாங்க. எலக்ட்ரிக் ஒண்ணு வேணும்னு ஆசை. ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்) மாதிரி. எனக்கு புடிச்ச மாதிரி கடையில பாத்தா 20,000க்கு மேல சொல்றாங்க, கைல இருக்குறது 12,000.

எங்க மாமா ஓடாவி, வத்தை வள்ளம் எல்லாம் கட்டுவாரு. போன்ல படத்த காட்டுனேன், "இது என்னடா, ஒரு பலகைய வளைச்சு வெட்டி நாலு குழி நோண்டணும் அம்புட்டுதான, ரெண்டு நாள் வேலை"ங்குறாரு. அவரு பட்டறைல வேம்பு பலகை 3 வருசமா கிடக்கு, ரெண்டு இஞ்ச் கனம். பழைய வள்ளத்துல கழட்டுன பலகையும் இருக்கு, அது பாக்க அழகா கருத்துப்போய் இருக்கு, அதுல பண்ணலாமான்னு ஒரு யோசனை.

கேள்வி என்னன்னா, எந்த மரம், நெக்கையும் (விரல் வச்சு வாசிக்கிற கழுத்துப் பகுதி) நாமளே பண்ணிரலாமா, காச எதுல போடணும் எதுல மிச்சம் புடிக்கலாம், அப்புறம் எங்க ஊரு உப்புக்காத்துல இரும்பு எதுவும் தங்காது, பாம்பன் பாலத்துக்கே வருசம் பூரா பெயிண்ட் அடிச்சிட்டே இருந்தாங்க, அதுக்கு என்ன வழி?

---

ராம்நாட் ராகம் (ராமநாதபுரம்):

தம்பி ஆசைய கெடுக்குறேன்னு நெனைக்காத. பார்ட்ஸ் வாங்கி பண்றது மலிவுங்குறது ஒரு பொய்யி. ஒவ்வொண்ணா வாங்கும்போது 800 தான 1,000 தானன்னு போகும், கடைசில கூட்டி பாத்தா கடை விலை வந்துரும், கூரியர் காசு தனி. நாளைக்கு விக்கப் போனா எவனும் வாங்க மாட்டான், கம்பெனி பேரு இல்ல பாரு. மதுரை பக்கம் பழைய ஸ்ட்ராட் காப்பி 6,000 7,000க்கு கிடைக்கும், அத வாங்கி பிக்கப்ப மட்டும் மாத்து. என் கருத்து அம்புட்டுதான்.

---

உப்புக்காத்து (கீழக்கரை, இப்ப துபாய்):

மேல அண்ணன் சொன்னது பொய்யில்ல, ஆனா வீட்ல ஒரு ஓடாவிய வச்சுக்கிட்டு பழைய கிடார் வாங்குனா அது பாவம். நான் இது வரைக்கும் மூணு பண்ணிருக்கேன், மூணுலயும் ஒவ்வொரு தப்பு, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன் தம்பி, பொறுமையா படி.

மொதல்ல நெக். பண்ணாத. வாங்கு. உன் 12,000ல பாதி கிட்ட நெக்குக்கே போனாலும் பரவால்ல. பாடிங்குறது பலகை, அது கோணலா இருந்தாலும் பாட்டு வரும். நெக்ல 21 ஃப்ரெட்டு, அதாவது குறுக்குக் கம்பி, பதிக்கணும், எடம் தள்ளிப் போச்சுன்னா சுதி ஓடிரும், உள்ள ட்ரஸ் ராடு (நெக் வளைவ சரி பண்ற இரும்புக் கம்பி) வேற போகணும். ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் போட்ட நெக் உன் காசுக்கு கிடைச்சா அதையே எடு. சாதா ஃப்ரெட்ட நிக்கல் சில்வர்னு சொல்லுவாங்க, அதுல வெள்ளி ஒரு குண்டுமணி கூட கிடையாது, செம்பு நிக்கல் துத்தநாகம் கலந்தது, துரு புடிக்காது ஆனா நம்ம காத்துல பச்ச புடிக்கும், தொடைச்சா போயிரும்.

மரம். பழைய வள்ளப் பலகைய தொடாத, எவ்ளோ அழகா இருந்தாலும் சரி. அது ஊறுன உப்பு உள்ளயே இருக்கும், மழைக்காலத்துல தண்ணிய இழுக்கும், நீ போடுற ஸ்க்ரூ எல்லாம் உள்ளயே அரிச்சுப் போகும். என் மொத கிடார் அதுலதான் பண்ணேன், ரெண்டாவது வருசம் பிரிட்ஜ் (பாடில கம்பி மாட்டுற தகடு) ஸ்க்ரூ தலை மட்டும் கையோட வந்துச்சு. வேம்பு நல்ல மரம். கிடார்காரங்க தலைல தூக்கி வச்சு ஆடுற மஹோகனியும் வேம்பும் ஒரே குடும்பம், மலைவேம்பும் அதே குடும்பம்தான். ஒரே பிரச்சினை கனம். ஸ்ட்ராட் பாடில குழி எல்லாம் போக மரம் கிட்டத்தட்ட 4 லிட்டர் அளவு வரும், வேம்பு லிட்டருக்கு 700 கிராம் தாண்டும், அப்ப பாடி மட்டும் 2.8 கிலோ. கம்பெனி ஆல்டர் மர பாடி 2 கிலோவுக்கு முன்னப் பின்ன. ரெண்டு மணி நேரம் பூசைல நின்னா தோள் கழண்டுரும். மலைவேம்பு காஞ்ச பலகை கிடைச்சா அது லேசு. இல்லன்னா வேம்பையே வச்சுக்கிட்டு பிக்கார்டுக்கு அடில வர்ற இடத்த தாராளமா நோண்டிரு, மேல பிளாஸ்டிக் மூடிரும், எவனுக்கும் தெரியாது.

3 வருசம் கிடந்ததுன்னு நம்பிராத, மழைல நனைஞ்சு கிடந்துச்சா கூரைக்கு கீழயான்னு கேளு. ஒரு துண்ட வெட்டி வாரா வாரம் மளிகைக்கடை தராசுல நிறுத்து பாரு, எடை குறையிறது நின்னா மரம் காஞ்சிருச்சு.

இப்ப மாமா விசயம். வாச்சி புடிச்ச கைக்கு ஸ்ட்ராட் வளைவு ஒண்ணுமே இல்ல, தொப்பைக்கு சரிவு கை வைக்க சரிவு எல்லாம் அவரு கண்ண மூடிட்டு எடுத்துருவாரு. ஆனா படகுல பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி விழுந்தா பஞ்ச வச்சு கலப்பத்து பாத்துரலாம், நெக் உக்கார்ற குழில அந்த வேலை ஆகாது. அகலம் 56 மிமீ, ஆழம் 16 மிமீ, தரை சமமா இருக்கணும், நெக்க வச்சு தூக்குனா பாடியும் கூட வரணும் ஸ்க்ரூ இல்லாமலே. அத ரூட்டர் மெஷின்ல டெம்ப்ளேட் வச்சு எடுங்க, உளில வேணாம்.

பிரிட்ஜ் ஆடாத ஹார்ட்டெய்ல் வாங்கு, கம்பிய பாடிக்கு மேல இருந்தே மாட்டுற மாதிரி. ஸ்பிரிங் வச்ச ட்ரெமலோ மலிவுல வாங்குனா சுதி நிக்காது, பின்னாடி இன்னொரு குழி வேற நோண்டணும். பிரிட்ஜ் எங்க வரணும்ங்குறத எந்தப் படத்தையும் பாத்து முடிவு பண்ணாத. நெக்க மாட்டுனதுக்கு அப்புறம் நட்டுல (நெக் தலைப்பக்கம் கம்பி உக்கார்ற கட்டை) இருந்து 12வது ஃப்ரெட் வரைக்கும் அள, 324 மிமீ வரும், அதே 324 அங்கிருந்து மெல்லிசு கம்பியோட சேடில் (பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற, முன்ன பின்ன நகருற துண்டு) வரைக்கும். அந்த சேடில் முன்பக்கம் தள்ளி இருக்கும்போது இந்த அளவு வரணும், ஏன்னா தடிச்ச கம்பிக்கு சேடில் இன்னும் 3, 4 மிமீ பின்னாடி போகும், அதுக்கு இடம் வேணும். நேரா இருக்கான்னு பாக்க தங்கூசி எடுத்து நட்டோட ரெண்டு ஓரத்துல இருந்து பிரிட்ஜோட ரெண்டு ஓரத்துக்கு இழுத்துக் கட்டு, நெக்கோட ரெண்டு விளிம்புலயும் ஒரே அளவு இடம் விட்டு போகணும். அப்புறம்தான் ஓட்டை.

ஸ்க்ரூ பூராவும் ஸ்டெயின்லெஸ்ல மாத்திரு. படகு சாமான் கடையில 316ன்னு கேட்டா தருவாங்க, அதுல மாலிப்டினம் இருக்கு, கடலுக்குன்னே உள்ளது. கிட்டுல வர்ற ஸ்க்ரூ மஞ்ச பூச்சு பூசுன சாதா இரும்பு, ஆறு மாசம் தாங்காது. ஒண்ணு, ஸ்டெயின்லெஸ் வேம்புக்குள்ள முறுக்கும்போது பட்டுன்னு ஒடியும், மொதல்ல சரியான ஓட்டை போட்டு ஸ்க்ரூவுல மெழுகுவத்தி தேச்சு இறக்கு.

---

ஈயம்பத்தி (மண்டபம்):

உப்புக்காத்து காக்கா (அண்ணன்) மர வேலைய சொல்லிட்டாரு, நான் வயர் வேலைய சொல்றேன். 25 வருசமா ரேடியோ ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பாக்குறவன்.

பிக்கப் மூணும், வால்யூம் டோன் திருப்புற பொட்டும் (பொட்டென்ஷியோமீட்டர்), சுவிட்சும் பிக்கார்டுலயே மாட்டி வயர் அடிச்சு வர்ற செட்டு இருக்கு, ரெடிமேடு. மொத தடவைக்கு அத வாங்கு, மூணே மூணு வயர்தான் உனக்கு மிச்சம், ரெண்டு ஜாக்குக்கு, ஒண்ணு பிரிட்ஜுக்கு. பிரிட்ஜுக்கு போற அந்த வயர பாதி பேரு மறந்துருவான். கம்பிய தொட்டா இரைச்சல் குறையணும், அதுதான் சரி. தொட்டா கூடுதுன்னா வயர் மாறிருக்கு இல்ல விட்டுப்போயிருக்கு.

பின்னாடி பொட்டு மாத்தணும்னா அலையாத, படத்துல 250கே (கிலோ ஓம்) ன்னு போட்டுருப்பான், நம்ம ஊரு கடையில 220கே தான் இருக்கும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஹம்பக்கருக்கு (ரெட்டைச் சுருள் பிக்கப்) 500கே கேட்டா 470கே போடு. வால்யூமுக்கு லாக் (லாகரிதமிக்) டைப் கேட்டு வாங்கு, லீனியர் போட்டா திருப்புற திருப்புல கடைசி கொஞ்சத்துலதான் எல்லாம் நடக்கும். டோன் கப்பாசிட்டர் 223 இல்ல 473ன்னு எழுதிருக்கும், அஞ்சு ரூபா சமாச்சாரம், அதுக்கு 500 ரூபா கேக்குறவன நம்பாத. ஈயம் வைக்கிறதுக்கு முன்னாடி பொட்டு முதுக உப்புத்தாள்ல தேய், நம்ம காத்துல புதுசுலயே கறுத்துதான் வருது, தேய்க்காம வச்சா ஈயம் உருண்டு ஓடும். குழிக்குள்ள செம்பு டேப் ஒட்டு. சமையல் அலுமினிய தாள்ல மிச்சம் புடிக்கலாம்னு நெனைக்காத, அதுல ஈயம் நிக்காது, செம்பும் அலுமினியமும் உப்புக்காத்துல ஒண்ணா இருந்தா அரிச்சுரும்.

இப்ப சொல்லப்போறதுதான் முக்கியம், நல்லா கேட்டுக்க. எலக்ட்ரிக் கிடார்ல கம்பி எல்லாம் பிரிட்ஜ் வழியா ஆம்ப்போட எர்த்துல சேருது. மைக்கும் மிக்சரோட எர்த்துல சேருது. ரெண்டுக்கும் வேற வேற எடத்துல இருந்து கரண்ட் எடுத்து, ஒண்ணுல எர்த் இல்லாம லீக் இருந்தா, கைல கம்பி, உதட்டுல மைக், நடுவுல நீ. 1972ல வேல்ஸ்ல ஸ்வான்சீ ஊர்ல லெஸ் ஹார்வின்னு ஒரு கிடார் கலைஞர் மேடையிலயே மைக்க தொட்டு இப்படித்தான் செத்தாரு. நம்ம கடலோரத்துல எர்த் பைப்பு நாலஞ்சு வருசத்துல அரிச்சு மண்ணா போயிருக்கும், மூணு ஓட்டை பிளக் இருக்குன்னு நம்பிராத. கோயில்ல எலக்ட்ரீசியன கூப்புட்டு எர்த் பாக்க சொல்லு, 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (லீக் ஆனா கரண்ட கட் பண்ற சுவிட்ச்) இருக்கான்னு பாரு. ஆம்ப்பும் மிக்சரும் ஒரே போர்டுல இருந்து எடு. மூணாவது பின்ன ஒடிச்சிட்டு குத்துற பழக்கம் யாருக்காச்சும் இருந்தா அவன மேடைப் பக்கமே விடாத.

---

பனங்காடு (சாயல்குடி):

மரம் மரம்னு பேசுறீங்க, நம்ம மாவட்டத்துக்கே பேரு வாங்கிக் குடுத்த மரத்த விட்டுட்டீங்களே. சீமைக்கருவேலம்! சிரிக்காதீங்க, அமெரிக்கால டெக்சாஸ் பக்கம் இதோட சொந்தக்கார மரத்த மெஸ்கிட்ன்னு சொல்லி அதுல கிடார் பண்றாங்க, விலையும் கூட. காஞ்சதுக்கு அப்புறம் ஈரத்துக்கு ரொம்ப ஊதாது சுருங்காது, அதுதான் அதோட குணம். நாம கரிமூட்டம் போட்டுட்டு இருக்கோம். முழு பாடிக்கு நேரான பலகை கிடைக்காது, கனமும் கூட, ஆனா மேல ஒட்டுற மெல்லிசு பலகைக்கு இல்ல குமிழுக்கு கடைசல் போட்டு பாருங்க, செவப்பும் பழுப்புமா அப்புடி இருக்கும். முள்ளு குத்துனா ஒரு வாரம் வலிக்கும், அது தனி.

---

ஆறுகம்பி:

காக்கா, அண்ணே எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேம்புல முடிவு பண்ணிட்டோம், ரெண்டு பலகைய ஃபெவிகால் மெரைன் போட்டு ஒட்டி கிளாம்ப் போட்டாச்சு. ஒரு சின்ன கேள்வி, மேல என்ன பூசுறது? மாமா மீன் எண்ணெய் பூசலாம்ங்குறாரு, வள்ளத்துக்கு அந்தக் காலத்துல அதான பூசுனோம், நூறு வருசம் நிக்கும்ங்குறாரு.

---

உப்புக்காத்து:

பூசு தம்பி, பூசைக்கு ஆளு வருதோ இல்லையோ தங்கச்சிமடத்துப் பூனை பூரா வந்துரும்.

ஃபைபர் வள்ளம் ஒட்டுற பாலியெஸ்டர் ரெசின் உங்க ஊர்ல தெருவுக்கு ஒரு கடையில கிடைக்குமே, அத மெல்லிசா ஒரு கோட்டு விட்டு தேச்சு, மேல ஆட்டோ பெயிண்ட் அடி. கம்பெனி கிடார்லயே நெறைய பாலியெஸ்டர் அடிக்கோட்டுதான். எண்ணெய் பட்ட மரத்துல அது காயாது, பிசுபிசுன்னே இருக்கும், அதனால மாமாவோட டப்பாவ ஒளிச்சு வை. ஹார்டனர் ஊத்தும்போது கண்ணுக்கு கண்ணாடி போடு, அது கண்ணுல தெறிச்சா விளையாட்டு இல்ல. திறந்த எடத்துல வச்சு பண்ணுங்க.

---

ராம்நாட் ராகம்:

மாமா மருமவன் சேந்து பண்றதப் பாத்தா குயின் பேண்ட் பிரையன் மே ஞாபகம்தான் வருது. அவரும் 1963ல அவங்க அப்பா கூட சேந்துதான் வீட்லயே கிடார் பண்ண ஆரம்பிச்சாரு, நெக்குக்கு எடுத்தது பழைய கணப்பு அடுப்புக்கு மேல இருந்த மரச்சட்டம், நெக்ல வச்ச புள்ளி எல்லாம் அவங்க அம்மா தையல் பெட்டில இருந்த முத்துச்சிப்பி பட்டன். இன்னும் அததான் வாசிக்கிறாரு. சரி நான் சொன்ன பழைய கிடார் யோசனைய வாபஸ் வாங்கிக்கிறேன், படம் போடு.

---

ஆறுகம்பி (7 வாரம் கழிச்சு):

முடிஞ்சிருச்சு!! ஆனா ஒரு கூத்து நடந்துச்சு, அத சொல்லாம விட்டா காக்கா அடிக்க வருவாரு.

ஸ்ட்ராட் பாடி டெம்ப்ளேட் படத்த ஒரு ஜெராக்ஸ் கடையில பெரிய தாள்ல பிரிண்ட் எடுத்தேன், அந்தத் தம்பி தாளுக்குள்ள அடங்கட்டும்னு 97 சதத்துல போட்டு குடுத்துருக்கான், எனக்கு தெரியல. ஓரத்துல 100 மிமீ கோடு ஒண்ணு இருந்துச்சு, ஸ்கேல வச்சு பாத்துருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும், பாக்கல. பாடி கொஞ்சம் சின்னதா வந்துச்சு, பரவால்லன்னு விட்டோம். நெக் குழி 54தான் வந்துச்சு, நெக் இறங்கல, மாமா "நெக்குதான் தப்பு, இழைச்சிருவோமா"ன்னு இழைப்புளிய எடுத்துட்டாரு, நான் போயி குறுக்க விழுந்தேன். அப்புறம் குழிய அகலப்படுத்துனோம். அப்பவாச்சும் புத்தி வந்துருக்கணும்ல, வரல, பிரிட்ஜுக்கும் அதே தாள்ல இருந்த புள்ளிய பாத்து ஓட்டை போட்டுட்டேன். நெக் முடியிற எடத்துல இருந்து சேடில் வரைக்கும் 185 மிமீ சொச்சம், அதுல 3 சதம்னா அஞ்சரை மிமீ நெக் பக்கம் வந்துருச்சு. மெல்லிசு கம்பிக்கு சேடில எப்புடியோ பின்னாடி தள்ளி சுதி சேத்துட்டேன், தடிச்ச கம்பிக்கு கடைசி வரைக்கும் தள்ளியும் 12வது ஃப்ரெட்ல சுதி ஏறியே நிக்குது.

காக்கா எழுதுனத திரும்ப படிச்சேன், எந்தப் படத்தையும் பாத்து முடிவு பண்ணாதன்னு பச்சையா எழுதிருக்காரு. மாமா ஒண்ணுமே சொல்லல, வேம்புலயே குச்சி செதுக்கி பழைய ஓட்டைல பசை போட்டு அடிச்சு அறுத்து தேச்சு விட்டாரு, படகுல ஓட்டைய அடைக்கிற வேலைதான அது, இப்ப தேடுனாலும் தெரியாது. அப்புறம் தங்கூசி கட்டி 324 அளந்து சரியா போட்டோம்.

கணக்கு: நெக் 5,200, பிக்கார்டு செட்டு 2,400, பிரிட்ஜ் 1,150, டியூனர் 1,300, நெக் பிளேட்டு ஜாக்கு வார் மாட்டுற பட்டன் எல்லாம் சேத்து 600, கம்பி 550, ரெசின் பெயிண்ட் 900, செம்பு டேப் 350, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ 180. மொத்தம் 12,630. மரமும் மாமா கூலியும் கணக்குல இல்ல, அத சேத்தா ராம்நாட் அண்ணன் சொன்னதுதான் உண்மை. எடை 4.2 கிலோ, கனம்தான், அகலமான வார் வாங்கிட்டேன். வால்யூம் குமிழு மட்டும் சீமைக்கருவேலத்துல கடைஞ்சது, பனங்காடு அண்ணனுக்காக.

ஈயம்பத்தி அண்ணே, கோயில்ல எர்த் பாத்தாங்க, நீங்க சொன்ன மாதிரியே பைப்ப புடுங்குனா பாதிதான் வந்துச்சு, மீதி மண்ணோட போயிருச்சு. ஃபாதர் புதுசு போட சொல்லிட்டாரு. அதுக்கப்புறம்தான் வாசிச்சேன். ஊளை சுத்தமா இல்ல.

---

ஈயம்பத்தி:

கிடார விட அந்த எர்த்துக்கு எனக்கு சந்தோசம். கொயர்ல எல்லாரும் அந்த மைக்கதான புடிக்கிறாங்க.

---

ஆறுகம்பி (ஐப்பசி கடைசி):

திரும்ப தொந்தரவு பண்றேன். மழை புடிச்சதுல இருந்து 1ல இருந்து 4வது ஃப்ரெட் வரைக்கும் கம்பி ஜிர்ருன்னு அடிக்குது, மேல போனா அடிக்கல. பிரிட்ஜ ஏத்தவா?

---

உப்புக்காத்து:

பிரிட்ஜ தொடாத. ஈரத்துக்கு நெக் பின்பக்கமா வளைஞ்சிருக்கு, அதான் கீழ ஃப்ரெட்ல மட்டும் அடிக்குது. ட்ரஸ் ராட இடப்பக்கமா கால் சுத்து மட்டும் தளத்து, ஒரு நாள் விட்டுரு, மறுநாள் பாரு. பத்தலன்னா இன்னொரு கால் சுத்து. மொத ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் தடிச்ச கம்பிய அமுக்கிப் புடிச்சிட்டு நடுவுல 7, 8வது ஃப்ரெட்டுக்கிட்ட பாரு, ஒரு விசிட்டிங் கார்டு நொழையிற இடம் இருந்தா போதும். மாசில காத்து காஞ்சதும் திரும்ப அதே கால் சுத்து முறுக்க வேண்டி வரும், அலன் கீய தொலைச்சிராத. வாசிச்சு முடிச்சதும் கம்பிய உலந்த துணில தொடை, உறைக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு.

---

ஆறுகம்பி:

ஒரு கால் சுத்துலயே 3, 4 சரியாயிருச்சு காக்கா. 1வதுல இன்னும் லேசா இருக்கு, நாளைக்கு பாத்துட்டு சொல்றேன். அலன் கீய மாமா நேத்தே எங்கயோ வச்சிட்டாரு, தேடிட்டு இருக்கோம்.